மஞ்சள் என்று அடித்துப் பாருங்கள்: நாள் முழுக்க டைப் அடிக்கும் கைக்கு எந்த வயர்லெஸ் கீபோர்டு?

"ஏனுங் அத்தை, கை வலிக்குதுன்னு புதுசா ஒரு கீபோர்டு வாங்கினீங்கள்ல, அது பேரைச் சொல்லுங்க. நானும் அதையே ஆர்டர் போட்டுக்கறேன்."

போன வாரம் போனில் இப்படிக் கேட்டவள் என் அண்ணன் மகள். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர். காலையிலிருந்து பொழுது சாயும்வரை வெளிநாட்டு பையர்களுக்கு மெயில், இடையிடையே எக்செல்லில் சைஸ் வாரியாகக் கணக்கு. "அதையே வாங்கிறாத கண்ணு, சித்த பொறு, எழுதி அனுப்பறேன்" என்று சொல்லி வைத்தேன். எழுத உட்கார்ந்தபோது இது அவளுக்கு மட்டுமான கேள்வி இல்லை என்று பட்டது. சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே பத்திரம் தயாரிக்கும் கடைகள், அச்சகங்கள், நாமக்கல் லாரி புக்கிங் ஆபீஸ்கள், கோவை சரவணம்பட்டி ஐடி கம்பெனிகள் என்று நாள் முழுக்க விரலை நம்பியே பிழைக்கிறவர்கள் நம் பக்கம் ஏராளம். கை வலி வந்தால் அவர்களில் பெரும்பாலோர் தைலம் தடவிக்கொண்டு மறுநாளும் அதே கீபோர்டில்தான் உட்காருகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன், மூன்று வருஷம்.

கோபியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டைப்பிங் இன்ஸ்டிடியூட்டில் தமிழ், இங்கிலீஷ் இரண்டிலும் லோயர், ஹையர் முடித்தவள் நான். ஈரோட்டில் ஒரு டிடிபி சென்டரில் பதினோரு வருஷம். இப்போது வீட்டிலிருந்தே வேலை: கிரயப் பத்திர டிராஃப்ட், கல்யாணப் பத்திரிகை, மறுபதிப்புக்கு வரும் பழைய புத்தகங்கள். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் டைப் அடிப்பேன். முகூர்த்த மாதங்களில் எட்டு மணி நேரம்கூட ஆகும்.

எனக்கு வந்தது இரண்டு தொந்தரவு. ஒன்று, வலது மணிக்கட்டில் சுண்டு விரல் பக்கமாக ஓடும் வலி. இன்னொன்று, ராத்திரி சுண்டு விரலும் மோதிர விரலில் பாதியும் மரத்துப் போவது. இரண்டும் ஒன்றே என்று நினைத்திருந்தேன். ஈரோட்டில் பார்த்த எலும்பு டாக்டர் எந்தெந்த விரல் மரக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் கேட்டார். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்தால் மணிக்கட்டுக்குள் போகும் நரம்பைப் பார்க்க வேண்டும், சுண்டு விரல் மரத்தால் முழங்கையைப் பார்க்க வேண்டும் என்றார். முழங்கையின் உட்பக்கம் இடித்துக்கொண்டால் ஷாக் அடித்தது போல இருக்குமே, அந்த நரம்புதான் சுண்டு விரலுக்கு வருகிறது. நான் யோசிக்கும்போதெல்லாம் முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டிருந்திருக்கிறேன். அதை விட்டதும் மரப்பு இரண்டு மாதத்தில் போய்விட்டது. அதற்கும் கீபோர்டுக்கும் சம்பந்தமே இல்லை. விரல் மரப்பு இருப்பவர்கள் எதையும் வாங்கும் முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள் என்று சொல்வது இதனால்தான். சர்க்கரை நோயும் தைராய்டு கோளாறும்கூடக் கையை மரக்க வைக்கும். அதைக் கீபோர்டு மாற்றித் தீர்க்க முடியாது.

மிச்சமிருந்த மணிக்கட்டு வலிக்குத்தான் கீபோர்டு காரணம். எப்படி என்று தெரிந்துகொள்ள ஒரு அடி ஸ்கேல் போதும். இப்போது உட்கார்ந்திருக்கிற இடத்திலேயே தோளைத் தளர விட்டு, முழங்கையை இடுப்போடு ஒட்டி, இரண்டு கையையும் கீபோர்டில் டைப் அடிக்கிற மாதிரி வையுங்கள். பக்கத்தில் யாரையாவது உங்கள் முன்கையின் நடுவில் ஸ்கேலை நீளவாக்கில் வைக்கச் சொல்லுங்கள். ஸ்கேலின் நுனி நடுவிரலுக்கு நேராக நிற்காது. கட்டை விரல் பக்கமாக விலகி நிற்கும். முன்கை இரண்டும் உள்நோக்கிச் சாய்ந்து வருகிறது, கீபோர்டோ நேர்கோடாகக் கிடக்கிறது. அந்தக் கோணத்தைச் சரிக்கட்ட மணிக்கட்டு வெளிப்பக்கமாக மடிந்து கொடுக்கிறது. அதோடு உள்ளங்கையைத் தரைக்கு நேராகக் கவிழ்க்க முன்கையின் இரண்டு எலும்பும் ஒன்றன்மேல் ஒன்று முறுக்கிக்கொள்ள வேண்டும். கீபோர்டின் பின்காலை வேறு நிமிர்த்தி வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கியும் வளைகிறது. மூன்று மடிப்பு. ஆறு மணி நேரம் அப்படியே.

பழைய டைப்ரைட்டரில் இந்த வலி எனக்கு வந்ததில்லை. இத்தனைக்கும் அதன் கீயை அமுக்கினால் போதாது, குத்தத்தான் வேண்டும். ஆனால் அங்கே ஒவ்வொரு வரி முடிவிலும் இடது கை பேப்பர் ஏந்தும் கேரேஜைத் தள்ளும், பக்கம் முடிந்தால் இரண்டு கையும் எழுந்து பேப்பர் மாற்றும். மணிக்கட்டைக் கீழே வைத்தால் எங்கள் மாஸ்டர் ஸ்கேலால் தட்டுவார். கம்ப்யூட்டர் வந்ததும் அந்தச் சின்னச் சின்ன ஓய்வெல்லாம் போய், கை ஒரே இடத்தில் கிடக்கப் பழகிவிட்டது.

வாங்குவதற்கு முன் காசில்லாமல் செய்யக்கூடியதைச் செய்துவிடுங்கள். கீபோர்டின் பின்கால்களை மடக்குங்கள். அவை கீயைப் பார்த்துத் தட்டுகிறவர்களுக்கு வசதி, பார்க்காமல் அடிக்கிறவர்களுக்கு வெறும் சுமை. பிறகு மேசை உயரத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். நம் வீடுகளில் சாப்பாட்டு மேசையும் கம்ப்யூட்டர் மேசையும் பெரும்பாலும் 75 சென்டிமீட்டர் உயரம். என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். நாற்காலியில் உட்கார்ந்தால் என் முழங்கை தரையிலிருந்து 65 சென்டிமீட்டரில் இருக்கிறது. பத்து சென்டிமீட்டர் தோளைத் தூக்கிக்கொண்டே வருஷக்கணக்கில் டைப் அடித்திருக்கிறேன். சென்னிமலைப் பக்கம் குழித்தறியில் உட்காரும் நெசவாளிகளைப் பார்த்திருப்பீர்கள். கால் குழிக்குள் இருக்கும், நெய்யும் துணி முழங்கைக்குக் கீழே வயிற்றை ஒட்டி இருக்கும். உட்காருகிற பலகை ஒரு விரல்கடை தாழ்ந்திருந்தாலும் சாக்கை மடித்துப் போட்டு உயர்த்திக்கொண்டுதான் நாடாவைத் தொடுவார்கள். அந்தக் கவனம் நமக்கும் வேண்டும். நாற்காலியை உயர்த்திவிட்டுக் காலுக்கு ஒரு பலகை போட்டேன். பாதி வலி அங்கேயே குறைந்தது.

மீதிப் பாதிக்குத்தான் கீபோர்டு தேட ஆரம்பித்தேன்.

தேடும்போது ஒன்று புரிந்தது. கைக்கு வாகாக வடிவமைத்த எர்கானமிக் கீபோர்டு பற்றி எழுதுகிறவர்கள், பேசுகிறவர்கள் எல்லாரும் இங்கிலீஷ் அடிக்கிறவர்கள். தமிழ் அடிக்கிற கைக்கு வேறு கணக்கு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட தமிழ்99 கீபோர்டு அமைப்பில் உயிர் எழுத்துகள் இடது கைக்கு, மெய் எழுத்துகளில் பெரும்பாலானவை வலது கைக்கு. 'அம்மிணி' என்று அடித்தால் இடது, வலது, வலது, இடது, வலது, இடது என்று கை மாறி மாறிப் போகும் (நடுவில் வரும் புள்ளி தானாக விழும்). தறியில் நாடா ஓடுவது போல சுகமாக இருக்கும். நான் இன்ஸ்டிடியூட்டில் கற்ற பழைய தட்டச்சு முறையை விட்டு இதற்கு மாறியதே அந்த சுகத்துக்காகத்தான்.

ஆனால் அதில் வலது சுண்டு விரலின் பாடு பெரும்பாடு. ண, ச, ஞ, ந, ய, ழ என்று ஆறு எழுத்து அந்த ஒரு விரலுக்கு. அதற்கு மேல் என்டர், பேக்ஸ்பேஸ். இடது சுண்டு விரலுக்கு அ, ஆ, ஔ என்று மூன்றுதான். இங்கிலீஷில் சதுர அடைப்புக்குறி இருக்கும் இரண்டு விசையும் யாரும் தொடாத மூலை. நமக்கு அதுதான் ச, அதுதான் ஞ. 'மஞ்சள்' என்று அடித்துப் பாருங்கள். ம-வை நடுவிரல் அடித்ததும் சுண்டு விரல் மூலைக்கு ஓடி ஞ, உடனே பக்கத்தில் ச, பிறகு ஆள்காட்டி விரல் எட்டி ள. கடைசிப் புள்ளி வரும்வரை இடது கைக்கு வேலையே இல்லை. எங்கள் பத்திரங்களில் பக்கத்துக்குப் பத்து முறை வரும் 'புஞ்செய்' இன்னும் மோசம். ஞ, ச, ய மூன்றும் சுண்டு விரல். என் மணிக்கட்டு ஏன் சுண்டு விரல் பக்கம் வலித்தது என்று அப்போதுதான் விளங்கியது. ஒவ்வொரு 'புஞ்செய்'க்கும் விரல் எட்டாமல் மணிக்கட்டு வெளிப்பக்கம் வெட்டித் திரும்பியிருக்கிறது.

இதனால் எந்தக் கீபோர்டைப் பார்த்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்த இரண்டு விசைகளைத்தான். அவை முழு அளவில் இருக்கின்றனவா, தம் இடத்தில் இருக்கின்றனவா, சுண்டு விரல் நீட்டும் திசையில் இருக்கின்றனவா. சின்ன லேப்டாப்கள் சிலவற்றில் அந்த மூலை விசைகளைப் பாதி அகலத்துக்கு நறுக்கி வைத்திருப்பார்கள். இங்கிலீஷ்காரருக்கு அதில் நஷ்டமில்லை.

இனி ஆளாளுக்கு உள்ள தெரிவுகள். நான் அடித்துப் பார்த்தவற்றை விரிவாகவும் மற்றதைச் சுருக்கமாகவும் சொல்கிறேன்.

லாஜிடெக் வேவ் கீஸ் 2023இல் வந்தது. அண்ணன் மகள் கேட்பதற்கு முன்பே அவள் தோழியிடமிருந்து ஒன்றை வாங்கி வந்து என்னிடம் பத்து நாள் வைத்திருந்தாள். இது பிளந்த கீபோர்டு இல்லை. ஒரே பலகைதான், ஆனால் விசைகள் அலை போல ஏறி இறங்கி நிற்கும். நீளமான நடுவிரலுக்கும் குட்டையான சுண்டு விரலுக்கும் உயரம் தனித்தனியாக வாகாக இருக்கிறது. முன்னால் மெத்தை வைத்த உள்ளங்கைத் தாங்கி. அகலம் 38 சென்டிமீட்டருக்கும் குறைவு, எடை முக்கால் கிலோ, ஆனாலும் வலது ஓரத்தில் எண் பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள். முதல் நாளே பழைய வேகத்தில் அடிக்கலாம். பழகுவதற்கென்று ஒன்றும் இல்லை. குறை என்று பார்த்தால், அந்த ஸ்கேல் சோதனையில் இது பாதிதான் தேறும். கை வைத்துப் பார்த்தேன், மணிக்கட்டு நிமிர்ந்தது கொஞ்சம்தான். வலி இன்னும் வராதவர்களுக்கு, வரக்கூடாது என்று நினைக்கிறவர்களுக்கு நல்ல தெரிவு. வந்துவிட்டவர்களுக்குப் போதாது.

நான் வாங்கியது அதே கம்பெனியின் எர்கோ கே860. 2020இல் வெளிவந்தது. இது நடுவில் பிளந்து, பிளந்த இடத்தில் மேடு தட்டி, இரண்டு பக்கமும் விசிறி மாதிரி விரிந்து சரியும். ஸ்கேலை வைத்துப் பார்த்தால் நுனி நடுவிரலுக்கு நேராக நிற்கிறது. மேட்டின் சரிவால் உள்ளங்கை முழுக்கக் கவிழவும் வேண்டாம். நான் இதை எடுத்ததற்கு முக்கியக் காரணம் இன்னொன்று. இதன் கால்கள் பின்னால் இல்லை, உள்ளங்கை வைக்கும் முன்பக்கத்துக்கு அடியில் இருக்கின்றன. நிமிர்த்தினால் கீபோர்டு நம்மை விட்டுக் கீழ்நோக்கிச் சரியும். 4 டிகிரி, 7 டிகிரி என்று இரண்டு நிலை. மேசை உயரமாக இருப்பவர்களுக்கு மணிக்கட்டு மேலே வளையாமல் நேராக நிற்பதற்கு இதைவிட எளிய வழி இல்லை. நான் 4 டிகிரியில் வைத்திருக்கிறேன்.

'மஞ்சள்' சோதனையில் இது தேறியது. வலது பாதி முழுக்கச் சாய்ந்து திரும்பியிருப்பதால் ச, ஞ விசைகள் சுண்டு விரல் தானாக நீளும் திசையில் வந்து நிற்கின்றன. விரல் நீண்டால் போதும், மணிக்கட்டு கூடவே திரும்ப வேண்டியதில்லை.

பழகுவதற்குப் பத்து நாள் ஆயிற்று. முதல் மூன்று நாள் வேகம் பாதியாகி, அச்சகத்துக்காரருக்கு ஒரு வேலையைத் தாமதமாகத்தான் கொடுத்தேன். நான் இத்தனை வருஷம் பி விசையை வலது ஆள்காட்டி விரலால் அடித்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்பதே அப்போதுதான் தெரிந்தது. தமிழ்99இல் பி விசைதான் ங. 'வாங்க', 'சொல்லுங்க', 'சரிங்க' என்று நம் கொங்குப் பேச்சை எழுதினால் வரிக்கு நாலு 'ங்க' வரும். ங-வையும் அடுத்த க-வையும் ஒரே விரல் இரண்டு தடவை குத்திக்கொண்டிருந்தது. பிளந்த கீபோர்டில் பி இடது பாதியில் இருக்கிறது, வலது கைக்கு எட்டாது. வேறு வழியில்லாமல் இடது கை ங அடிக்க, வலது கை க அடிக்கப் பழகியது. இப்போது 'ங்க' ஒரே தட்டாக விழுகிறது. ஒரு நாவலாசிரியரின் கொங்கு வட்டார உரையாடல்கள் நிறைந்த கைப்பிரதியைப் போன மாதம் அடித்தேன். அந்த வேகம் எனக்கே புதிதாக இருந்தது.

இதன் பிரச்சினை இடம். அகலம் ஏறத்தாழ 46 சென்டிமீட்டர், எடை ஒரு கிலோவுக்கு மேல். வலது ஓரத்தில் எண் பகுதி, அதற்கும் அப்பால் மவுஸ். வேவ் கீஸோடு ஒப்பிட்டால் மவுஸ் எட்டு சென்டிமீட்டர் தள்ளிப் போகிறது. அந்த எட்டு சென்டிமீட்டர் தோளில் தெரியும். டைப் அடிப்பதும் மவுஸ் பிடிப்பதும் பாதிப் பாதி என்று வேலை இருப்பவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். எனக்கு எண் பகுதி இல்லாமல் முடியாது. க.ச. எண் என்கிற நிலத்தின் சர்வே எண், நாலு எல்லையைச் சொல்லும் செக்குபந்தியில் வரும் கிழமேல் ஜாதியடி, தென்வடல் ஜாதியடி, ஆவண எண், கிரயத் தொகை என்று ஒரு பத்திரத்தில் எண்கள் அவ்வளவு. அதனால் எண் பகுதியை வைத்துக்கொண்டு மவுஸை இடது கைக்கு மாற்றினேன். இரண்டு வாரம் தடுமாறியது, பிறகு பழகிவிட்டது. உள்ளங்கைத் தாங்கி துணி போர்த்தியது, கழற்ற முடியாது. சித்திரை வெயிலில் வேர்வை இறங்கும், சமையல் கையோடு வந்து உட்கார்ந்தால் கறை பிடிக்கும். நான் ஒரு பருத்தித் துண்டு விரித்துக்கொள்கிறேன். இன்னொன்றும் சொல்ல வேண்டும். தாங்கி என்பது அடிக்காமல் நிறுத்தும்போது கை இளைப்பாற. அடிக்கும்போது அதில் மணிக்கட்டை அழுத்தினால் உள்ளே நரம்பு போகும் இடத்தையே அழுத்துகிறோம்.

விலை? கே860 பத்தாயிரத்தை ஒட்டியோ தாண்டியோ நிற்கும், வேவ் கீஸ் அதைவிடக் குறைவு. நல்ல நாளில் இறங்கும், மற்ற நாளில் ஏறும்.

சரவணம்பட்டியில் வேலை பார்க்கும் தம்பி மகன் வைத்திருப்பது கீக்ரான் கே11. அவன் மாரியம்மன் நோம்பிக்கு ஊருக்கு வந்தபோது ஒரு வாரம் அதில் அடித்தேன். ஒவ்வொரு விசைக்கும் தனி ஸ்பிரிங் வைத்த மெக்கானிக்கல் விசை, உயரம் குறைந்த வகை. ஆலிஸ் அமைப்பு என்பார்கள்: ஒரே பலகையில் விசைகள் மட்டும் இரண்டு அணியாகச் சாய்ந்து நிற்கும். இந்த அமைப்பில் வரும் கீபோர்டுகள் பலவற்றில் பி விசை இரண்டு பக்கமும் இருக்கும். என்னைப் போலத் தவறான விரலில் பழகியவர்களுக்கு அது வரம். மெக்கானிக்கல் விசையின் அருமை, அடிவரை குத்த வேண்டியதில்லை என்பது. செர்ரி கம்பெனியின் சிவப்பு விசை மாதிரியான சாதாரண உயர விசையில் மொத்த இறக்கம் 4 மில்லிமீட்டர், 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து விழுந்துவிடும். மெல்லத் தொடப் பழகிய கைக்கு நாள் முடிவில் விரல் நுனி வலிக்காது. விசைகளை நமக்கு வேண்டியபடி இடம் மாற்றி வைத்துக்கொள்ளவும் முடியும். ஆனால் எண் பகுதி கிடையாது. முன்பக்கத்தை உயர்த்திச் சரிக்கும் வசதி கிடையாது. ராத்திரி பத்து மணிக்கு மேல் அடித்தால் பக்கத்து அறையில் தூங்குகிறவர்கள் புரண்டு படுப்பது கேட்கும். எழுத்து வேலையும் நிரல் வேலையும் மட்டும் செய்கிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். கணக்கு, பத்திரம், பில் என்று எண்ணோடு புழங்குகிறவர்களுக்கு வேண்டாம்.

இரண்டு துண்டாகவே பிரியும் கீபோர்டுகளும் உண்டு. கினிசிஸ் ஃப்ரீஸ்டைல்2 புளூ இரண்டு பாதியாக, நடுவில் ஒரு ஒயர் மட்டும் இணைக்க, தோள் அகலத்துக்குத் தள்ளி வைக்கலாம். மார்பு அகலமானவர்களுக்கும், பழைய புத்தகத்தை நடுவில் விரித்து வைத்துப் பார்த்து அடிக்கிறவர்களுக்கும் அந்த இடைவெளி பெரிய வசதி. அதே கம்பெனியின் அட்வான்டேஜ்360 புரோவில் பாதிகளுக்கு நடுவே ஒயரும் இல்லை. விசைகள் கிண்ணம் போலக் குழிந்த இடத்தில் நிற்கும், பேக்ஸ்பேஸும் என்டரும் கட்டை விரலுக்கு வந்துவிடும். சுண்டு விரலைக் காப்பாற்ற இதைவிட நல்ல யோசனை இல்லை என்றே சொல்வேன். ஆனால் அதில் சதுர அடைப்புக்குறி விசைகள் அடி வரிசைக்குப் போய்விடுகின்றன. நம் ச-வும் ஞ-வும் உள்ளங்கைக்கு அடியில் ஒளிந்துகொள்ளும். மாற்றி அமைக்கலாம், அமைக்கத் தெரிய வேண்டும். அமெரிக்காவிலேயே 400 டாலருக்கு மேல் விலை, இங்கே வரவழைத்தால் சுங்கம் வேறு. பழகவும் வாரக்கணக்கில் ஆகும். வேலையை நிறுத்திவிட்டுப் பழக முடிகிறவர்களுக்கு மட்டும்.

இன்னொன்று, பழைய பொருள் விற்கும் இடங்களில் மைக்ரோசாஃப்ட் ஸ்கல்ப்ட் கண்ணில் படலாம். 2013இல் வந்த அருமையான வடிவம், எண் பகுதி தனியாகவே இருக்கும். மைக்ரோசாஃப்ட் 2023இல் தன் பெயரில் கீபோர்டு செய்வதை நிறுத்தி, மறு வருஷம் இன்கேஸ் என்ற கம்பெனி அந்த வடிவங்களை எடுத்துக்கொண்டது. பழைய ஸ்கல்ப்ட் வாங்கினால் கம்ப்யூட்டரில் செருகும் அதன் யூஎஸ்பி ரிசீவர் கூடவே இருக்கிறதா என்று பாருங்கள். அந்தந்தக் கீபோர்டுக்கு அந்தந்த ரிசீவர்தான். தொலைந்தால் வேறு ஒன்றைப் போட்டு ஓட்ட முடியாது.

ஒயர் இல்லாததற்கு உள்ள விலையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது என்னை ஒரு முறை நன்றாக உலுக்கியிருக்கிறது. பல வருஷம் முன்பு ஒரு மலிவான வயர்லெஸ் கீபோர்டு வைத்திருந்தேன். சித்த நேரம் தொடாமல் விட்டால் அது உறங்கிவிடும், மறுபடி தட்டும்போது முதல் தட்டு விழாது. ஒரு கிரயப் பத்திரத்தில் க.ச. எண் 214 என்று அடித்தேன். ஒரு கண் மூலப் பத்திரத்தில் இருந்ததால் திரையைப் பார்க்கவில்லை. 2 விழவில்லை, 14 என்று நின்றது. பத்திரம் எழுதுகிறவர் வயதானவர், விரல் வைத்து வரி வரியாகப் படிக்கிறவர். "ஏனம்மிணி, இது யாரு காடு?" என்று கேட்டார். அவர் கேட்டிருக்காவிட்டால் அடுத்தவர் நிலத்தை விற்ற பத்திரமாகப் பதிவாகியிருக்கும். அன்றைக்கு எனக்கு நடுங்கிய நடுக்கம் இன்னும் ஞாபகம் இருக்கிறது.

அதனால் எண் அடிக்கிறவர்கள் புளூடூத்தைவிட ரிசீவரில் இணைப்பதே நல்லது. உறக்கத்திலிருந்து எழும் நேரம் புளூடூத்தில் கொஞ்சம் கூடுதல். வேவ் கீஸ், கே860 இரண்டிலும் இரண்டு வழியும் உண்டு. வேலைக் கம்ப்யூட்டருக்கு ரிசீவர், போனுக்கும் டேப்லெட்டுக்கும் புளூடூத் என்று நான் வைத்திருக்கிறேன். மூன்று கருவிவரை ஒரு பொத்தானில் மாறிக்கொள்ளலாம். ரிசீவரைக் கம்ப்யூட்டரின் பின்பக்கம் நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில், ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் செருகாதீர்கள். யூஎஸ்பி 3.0 வேலை செய்யும்போது, ரிசீவர் பயன்படுத்தும் அதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இரைச்சல் எழும்பும். இன்டெல் கம்பெனியே 2012இல் அதை எழுதி வெளியிட்டிருக்கிறது. எழுத்து விட்டுப்போவதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு முழ நீள எக்ஸ்டென்ஷன் ஒயரில் ரிசீவரைக் கீபோர்டுக்கு முன்னால் கொண்டுவந்து வைத்தால் சரியாகிவிடும்.

பேட்டரி பெரிய கவலை இல்லை. இரண்டுக்கும் டிரிபிள் ஏ பேட்டரி இரண்டு. கே860க்கு இரண்டு வருஷம், வேவ் கீஸுக்கு மூன்று வருஷம் என்று கம்பெனி சொல்கிறது. என்னைப் போல அடித்தால் குறையும். தீர்ந்த பேட்டரியை உள்ளேயே விட்டால் வெள்ளையாகப் பூத்து ஸ்பிரிங்கை அரித்துவிடும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டிலுமே விசைக்கு அடியில் விளக்கு கிடையாது, தமிழ் எழுத்தும் அச்சிட்டு வராது. பார்த்து அடிக்கிறவர்கள் ஸ்டிக்கர் வாங்கி ஒட்ட வேண்டும். விண்டோஸிலேயே தமிழ்99 இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டியதில்லை.

கடையில் பெட்டியைப் பிரித்துத் தரமாட்டார்கள். கோவை காந்திபுரம் பக்கம் நாலு கடை ஏறி இறங்கினேன், கை வைத்துப் பார்க்க ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. திருப்பி அனுப்ப வழியுள்ள இடத்தில் வாங்கி, முதல் ஒரு வாரம் முழு வேலையையும் அதிலேயே செய்து பார்ப்பதுதான் வழி. பழைய கீபோர்டைக் கண்ணுக்குத் தெரியாமல் பீரோவில் வையுங்கள். பக்கத்தில் இருந்தால் அவசர வேலை வரும்போது கை அதற்கே ஓடும், பழக்கம் ஒட்டாது.

அண்ணன் மகளுக்கு வருகிறேன். அவள் அடிப்பது இங்கிலீஷ், மூலை விசைகள் அவளுக்குத் தேவைப்படாது. எக்செல்லுக்கு எண் பகுதி வேண்டும். மவுஸ் எப்போதும் கையில், அதனால் அகலம் குறைவாக இருக்க வேண்டும். வலி இப்போதுதான் எட்டிப் பார்க்கிறது. வேவ் கீஸ் அவளுக்குப் போதும். நான் வாங்கியதை அவள் வாங்கினால் ஒரு மாதத்தில் வலது தோளைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பாள்.

இதையெல்லாம் எழுதி முடித்து ராத்திரி அவளுக்கு அனுப்பினேன். முழுக்கப் படித்துவிட்டு மறுநாள் மத்தியானம் ஆபீஸிலிருந்தே கூப்பிட்டாள்.

"அத்தை, டேப் வச்சு அளந்து பாத்தனுங்க. எங்க டேபிள் 76 சென்டிமீட்டருங்க. உக்காந்தா முழங்கை 66லதான் வருது."

"பின்கால் மடக்கிட்டியா?"

"மடக்கிட்டனுங்க."

"அப்ப கீபோர்டு அடுத்த மாசம் பாத்துக்கலாம் கண்ணு. பொழுதோட வீட்டுக்குப் போறப்ப காலுக்குப் போட ஒரு பலகை வாங்கிட்டுப் போ."